கொட்டேஷனின் கடைசி இரண்டு வரிகள்

முதல் கேமிங் கணினி கட்டப்போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ, வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கியோ ஒரு கேமிங் கணினியை அசெம்பிள் செய்யப் புறப்பட்டிருக்கும் உங்களுக்கான மடல் இது. சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ, உங்கள் ஊர்க் கணினிக் கடையிலிருந்தோ ஒரு கொட்டேஷன் இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். பெரும்பாலும் அதன் வரிசை ஒன்றேதான். முதலில் பிராசசர், அடுத்து மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட். எல்லாம் முடிந்த பிறகு ‘எஸ்எஸ்டி 500 ஜிபி, மானிட்டர் 24 இன்ச்’ என்று இரண்டு வரி. எந்த எஸ்எஸ்டி, என்ன மாடல், மானிட்டரில் இருப்பது எந்த பேனல், எத்தனை ஹெர்ட்ஸ் என்ற விவரம் எதுவும் இருக்காது. மேலே உள்ளவற்றுக்குப் போக மிஞ்சிய பணம்தான் அந்த இரண்டு வரிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும்.

அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள். கிராபிக்ஸ் கார்டு பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் உச்ச வேகத்துக்குக் கொடுக்கப்போகும் பணத்தைக் கொள்ளளவுக்குக் கொடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு வேலை என்பதை நிர்ணயிப்பது மானிட்டர். ஃபுல் எச்டி எனப்படும் 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 2560×1440 திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது ஃபுல் எச்டியைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு பிரேமிலும் அத்தனை புள்ளிகளுக்கும் கார்டு நிறம் கணக்கிட்டாக வேண்டும். என்விடியா 2023 ஜூனில் 8 ஜிபி நினைவகத்தோடு வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை அந்த நிறுவனமே 1080பி ஆட்டத்துக்கானது என்றுதான் முன்வைத்தது. அதே கார்டை 4கே மானிட்டரோடு இணைத்தால் புதிய பெரிய ஆட்டங்களில் திணறும்.

இதற்கு நேர்மாறான தவறுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. பட்ஜெட்டில் பாதியைக் கார்டுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஏற்கெனவே இருந்த 60 ஹெர்ட்ஸ் மானிட்டரையே மாட்டிக்கொள்கிறார்கள். கார்டு விநாடிக்கு 140 பிரேம்களை உருவாக்கும். மானிட்டரோ விநாடிக்கு 60 முறை மட்டுமே படத்தைப் புதுப்பிக்கும். எஞ்சிய உழைப்பு உங்கள் கண்ணை எட்டுவதே இல்லை. மின்சாரக் கட்டணமும் கேபினட்டுக்குள் ஏறும் வெப்பமும்தான் மிச்சம்.

மானிட்டரை முன்னால் வைக்க இன்னொரு காரணம் அதன் ஆயுள். மூன்று, நான்கு ஆண்டுகளில் கார்டை மாற்றத் தோன்றும். நல்ல மானிட்டரோ இரண்டு கார்டுகளின் காலத்தைத் தாண்டி மேசையில் நிற்கும். படிப்பு, வேலை, சினிமா என்று ஆட்டம் ஆடாத நேரத்திலும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கப்போவது அதைத்தான்.

முதலில் அளவு. கடைகளில் அதிகம் பேர் விழும் பள்ளம் 27 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர். பெரிதாக இருக்கிறது, விலையும் 24 இன்ச்சைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அதே 20.7 லட்சம் புள்ளிகளைத்தான் பெரிய பரப்பில் பரப்பியிருக்கிறார்கள். 24 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஓர் இன்ச் நீளத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள். 27 இன்ச்சில் அது 82 ஆகக் குறைகிறது. மேசையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும், தூரத்து எதிரியின் உருவம் கலங்கலாகத் தெரியும். அதே 27 இன்ச்சில் 1440பி எடுத்தால் இன்ச்சுக்கு 109 புள்ளிகள். அந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தனிக் கண் தேவையில்லை. கடையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுத்தைத் திறக்கச் சொல்லுங்கள், போதும்.

ஆகவே முதல் கணினிக்கு இரண்டே வழிதான் சரி. பட்ஜெட் இறுக்கமானால் 24 இன்ச், 1080பி. கொஞ்சம் தளர்வானால் 27 இன்ச், 1440பி. ஸ்டீம் தளத்தின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் 2025-லும் பாதிக்கும் மேற்பட்டோர் 1920×1080 திரையில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனவே 1080பி வாங்குவதில் குறை ஒன்றுமில்லை. அதை 27 இன்ச்சில் வாங்குவதுதான் குறை.

‘1440பி எடுத்தால் கார்டு தாங்குமா?’ என்ற கேள்வி உங்களுக்கு வரும். வர வேண்டும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஆகிய நுட்பங்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கின்றன. படத்தைக் குறைந்த தெளிவில் உருவாக்கி, பிறகு திரையின் அளவுக்கு உயர்த்தித் தருவது அவற்றின் வேலை. 1440பி திரையில் ‘குவாலிட்டி’ நிலையை வைத்தால் கார்டு உள்ளுக்குள் உருவாக்குவது ஏறத்தாழ 1707×960 அளவுள்ள படம்தான். அதாவது ஃபுல் எச்டியைவிடக் குறைந்த வேலை. அதைக்கொண்டு 1440பி திரையில் நல்ல படமே கிடைக்கிறது. 1080பி திரையில் அதே நிலையை வைத்தால் அடிப்படைப் படம் 1280×720 ஆகிவிடும். அவ்வளவு குறைந்த புள்ளிகளிலிருந்து உயர்த்தும்போது மங்கல் தெரியும். இந்த நுட்பங்கள் கூடுதல் புள்ளிகள் உள்ள திரைக்கே அதிகம் கைகொடுக்கின்றன. இருந்தாலும் 1440பிக்குப் போவதென்றால் கார்டில் 8 ஜிபிக்கு மேல் நினைவகம் இருப்பது நல்லது.

அடுத்து ஹெர்ட்ஸ். இங்கே விளம்பரம் காட்டும் எண்ணை நம்பாமல் நீங்களே ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸில் அது 6.9. கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம். மவுஸை அசைத்த முதல் நிமிடத்திலேயே கை அதை உணரும். 144-லிருந்து 240-க்குப் போனால் 6.9 என்பது 4.2 ஆகிறது. மிச்சம் 2.8 மில்லி விநாடிதான். 240-லிருந்து 360-க்குப் போனால் 1.4. மேலே போகப் போகக் கிடைப்பது சுருங்கிக்கொண்டே வருகிறது, விலையோ அப்படிச் சுருங்குவதில்லை. வேலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றைப் போட்டிக்காகவே ஆடுபவருக்கு 240 பொருந்தும். அவருக்கும்கூட விநாடிக்கு அத்தனை பிரேம்களைத் தரும் பிராசசர் இருந்தால்தான் பயன். கதை ஆட்டங்கள், கார் பந்தயம், நண்பர்களோடு எப்போதாவது ஒரு மேட்ச் என்று இருப்பவருக்கு 144 முதல் 180 வரை தாராளம்.

மானிட்டரில் கட்டாயம் இருக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. கார்டு தரும் பிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. வெடிகுண்டு வெடிக்கும் காட்சியில் 90-லிருந்து 65-க்கு இறங்கும். திரை மட்டும் தன் போக்கில் 144 முறை புதுப்பித்துக்கொண்டிருந்தால் படம் குறுக்கே கிழிந்ததுபோலவோ, விட்டு விட்டு நகர்வதுபோலவோ தெரியும். கார்டின் வேகத்துக்குத் தக்கபடி திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை என்விடியா 2013-ல் ஜி-சிங்க் என்ற பெயரில் அறிவித்தது. அதற்கு மானிட்டருக்குள் அந்த நிறுவனத்தின் தனி சில்லு தேவைப்பட்டதால் விலை ஏறியது. 2014-ல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வீசா அமைப்பு ‘அடாப்டிவ் சிங்க்’ என்பதைப் பொதுத் தரமாக்கியது; அதன்மீது ஏஎம்டி தன் ஃப்ரீசிங்க்கைக் கட்டியது. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளை அந்தப் பொதுத் தரத்துக்குத் திறந்துவிட்டது. அன்று முதல் பட்ஜெட் மானிட்டர் வாங்குபவருக்கும் இந்த வசதி எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஏஎம்டி கார்டு, என்விடியா கார்டு எதுவானாலும் அடாப்டிவ் சிங்க் உள்ள மானிட்டரையே எடுங்கள். நிறைய ஆட்டங்களில் 240 ஹெர்ட்ஸ் தராத நிம்மதியை இது தரும்.

பேனல் விஷயத்தில் ஐபிஎஸ் எடுத்தால் பெரும்பாலோருக்குக் குறையிருக்காது. நிறம் நேர்த்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் மாறாது. இருட்டு அறையில் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரிவது அதன் பலவீனம்; அதன் ஒளி வேறுபாட்டு விகிதம் பொதுவாக 1000-க்கு 1 என்ற அளவு. விஏ பேனலில் அது 3000-க்கு 1 வரையும் அதற்கு மேலும் போகும், பேய்ப்பட ஆட்டங்களுக்கு அழகு. ஆனால் விலை குறைந்த விஏ பேனல்களில் கரிய உருவங்கள் வேகமாக நகரும்போது பின்னால் ஒரு கறை இழுபடும். வேகமான துப்பாக்கி ஆட்டம் ஆடுபவர் அதை நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஓஎல்இடி இவை எல்லாவற்றையும் விஞ்சியது. ஆனாலும் முதல் கணினிக்கு அது வேண்டாம். விலை ஒரு காரணம். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார் திரையில் தழும்பாகப் படிந்துவிடும் அபாயம் இன்னொரு காரணம்.

பெட்டியின் மேல் உள்ள இரண்டு வாசகங்களைக் கண்டால் நின்று யோசியுங்கள். ‘1 எம்எஸ்’ என்பது முதலாவது. அதன் பக்கத்தில் எம்பிஆர்டி என்று சிறிய எழுத்தில் இருந்தால், அது பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிப் பெறும் எண். அந்த நிலையில் திரையின் வெளிச்சம் குறையும். பல மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க்கும் கூடவே வேலை செய்யாது. ‘எச்டிஆர் 400’ இரண்டாவது. வீசா 2017-ல் கொண்டுவந்த தரவரிசையில் எல்சிடி மானிட்டர்களுக்கு இதுவே கடைசிப் படி. திரையின் ஒரு பகுதியை மட்டும் மங்கலாக்கும் ஏற்பாடு இதற்குத் தேவையில்லை என்பதால், வெயிலும் நிழலும் பிரிந்து நிற்கும் அந்த அனுபவம் இதில் கிடைப்பதில்லை. இந்த ஒட்டுத்தாளுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

இனி எஸ்எஸ்டி. இங்கே ஓர் ஆட்டத்தின் கதையைச் சொன்னால் பல விஷயங்கள் ஒன்றாக விளங்கும்.

ஸ்வீடன் நாட்டு ஏரோஹெட் நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 ஆட்டம் கணினியில் 150 ஜிபிக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கன்சோலில் அதே ஆட்டத்துக்கு 35 ஜிபி அளவே ஆனது. காரணம் ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டின்மேல் படிக்கும் முள் இங்கும் அங்கும் அலைவதற்கு நேரம் பிடிக்கும். அந்த அலைச்சலைக் குறைக்க, ஒரே மரத்தின் படத்தையும் ஒரே பாறையின் படத்தையும் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்திருந்தார்கள். ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ 11 சதவீதம் பேர்தான் என்று அவர்களே பிறகு கணக்கிட்டார்கள். நிக்ஸஸ் நிறுவனத்தின் துணையோடு 2025 டிசம்பரில் அந்தப் பிரதிகளை நீக்கினார்கள். 154 ஜிபி ஆட்டம் 23 ஜிபியாக இறங்கியது. ஹார்டு டிஸ்கில் ஆடுபவருக்கும் காத்திருப்பு சில விநாடிகள்தான் கூடியது. ஏனென்றால் அந்த நேரத்தில் பெரும்பகுதி, ஆடுகளத்தைப் பிராசசர் உருவாக்கிக்கொண்டிருக்கும் நேரம்.

எல்லா நிறுவனங்களும் இப்படித் துப்புரவு செய்யப்போவதில்லை. பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150 ஜிபி. ஸ்டார்ஃபீல்ட் 125 ஜிபி. பிளாக் மித்: வூகாங் 130 ஜிபி. ரெட் டெட் ரிடெம்ஷன் 2 ஆட்டத்துக்கும் 150. முதல் இரண்டும் எஸ்எஸ்டி கட்டாயம் என்றே சொல்கின்றன. சைபர்பங்க் 2077 வெளிவந்தபோது ஹார்டு டிஸ்கையும் ஏற்றுக்கொண்டது. 2023-ல் அதைக் கைவிட்டு எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாக்கியது. இப்போது உங்கள் கொட்டேஷனில் உள்ள 500 ஜிபியைக் கணக்குப் போடுங்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 500 ஜிபி திரையில் 465 ஆகத் தெரியும். 1 டிபி 931 ஆகத் தெரியும். விண்டோஸுக்கும் அன்றாட மென்பொருள்களுக்கும் 80, 100 ஜிபி போகும். எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தால் எழுதும் வேகம் சரியும் என்பதால் பத்தில் ஒரு பங்கையாவது காலியாக விட வேண்டும். மிஞ்சுவது 320 ஜிபிக்குக் கொஞ்சம் கூட. இரண்டு பெரிய ஆட்டங்கள், அத்தோடு சரி.

மூன்றாவது ஆட்டத்துக்கு முதலாவதை அழிக்க வேண்டும். பிறகு அது வேண்டுமென்றால் மறுபடி இறக்க வேண்டும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 150 ஜிபி இறங்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் இணைப்பு முழு வேகத்தில் இடைவிடாமல் கிடைத்தால். ஆகவே முதல் கணினியின் எஸ்எஸ்டி 1 டிபிக்குக் குறையக் கூடாது என்பது இந்த மடலின் உறுதியான கருத்து. அதற்காகக் கேபினட்டின் வண்ண விளக்குகளையும் கண்ணாடிக் கதவையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் தயங்க வேண்டாம். வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். இப்போதைக்கு ஆடாத ஆட்டங்களை ஸ்டீம் வழியாகவே அதற்கு மாற்றி வைக்கலாம். விநாடிக்கு 150 எம்பி தரும் டிஸ்கிலிருந்து அந்த 150 ஜிபியைத் திரும்ப எடுக்க 17 நிமிடம் போதும்.

வேகத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதெல்லாம் உண்மைதான். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, ஜென் 3 என்விஎம்இ 3500, ஜென் 4 ஏறத்தாழ 7000, ஜென் 5-ல் 14,000 வரை. ஆனால் ஆட்டம் திறக்கும் நேரம் இந்த விகிதத்தில் குறைவதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்ஸ்டோரேஜ் நுட்பத்தைக் கணினியில் முதலில் பயன்படுத்திய ஆட்டம் 2023 ஜனவரியில் வந்த ஃபோர்ஸ்போக்கன். அதன் தயாரிப்பாளர்கள் 2022-ல் காட்டிய செயல்விளக்கத்தில் ஒரு காட்சி திறக்க ஹார்டு டிஸ்கில் 20 விநாடி அளவு ஆனது. சாட்டா எஸ்எஸ்டியில் 4 விநாடிக்குள், என்விஎம்இயில் 2 விநாடி அளவு. பெரிய பாய்ச்சல் ஹார்டு டிஸ்கை விட்டு வெளியேறுவதில்தான் இருக்கிறது. அதற்கு மேல் நடப்பதெல்லாம் ஓரிரு விநாடிப் பேரம். 500 ஜிபி ஜென் 5, 1 டிபி ஜென் 4 இரண்டும் ஒரே விலையில் கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள்.

உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்பதையும் பாருங்கள். பட்ஜெட் கணினிகளில் அதிகம் வரும் இன்டெல் எச்610, ஏஎம்டி ஏ520 போர்டுகளின் எம்.2 இடம் பெரும்பாலும் ஜென் 3 வேகத்தோடு நின்றுவிடும். அதில் ஜென் 4 எஸ்எஸ்டி வேலை செய்யும். ஆனால் கூடுதலாகக் கொடுத்த பணத்தின் வேகம் கிடைக்காது. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்எஸ்டியைச் செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும். இதெல்லாம் போர்டின் கையேட்டில் ஒரு வரியாக இருக்கும். கையேடு தயாரிப்பாளரின் தளத்தில் இலவசம்.

வேகத்தைவிடக் கவனித்துக் கேட்க வேண்டியது டிஎல்சியா, கியூஎல்சியா என்பது. ஒரு செல்லில் மூன்று பிட் சேமிப்பது டிஎல்சி, நான்கு சேமிப்பது கியூஎல்சி. நான்கைத் திணிக்கும்போது விலை குறையும், எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். ஆனால் பெட்டியில் உள்ள வேக எண்ணில் அது தெரியாது. அறுவடை மூட்டைகள் முதலில் திண்ணையில் இறங்கி, பிறகு ஆற அமர உள்ளே குதிருக்குப் போவதுபோல, எழுதப்படும் தகவல் முதலில் வேகமான ஒரு தற்காலிகப் பகுதியில் இறங்கும். விளம்பரத்தில் வருவது அந்தத் திண்ணையின் வேகம். 100 ஜிபி ஆட்டம் ஒன்றை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது திண்ணை நிரம்பிவிட்டால், சில கியூஎல்சி எஸ்எஸ்டிகளின் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கே வீழ்ந்துவிடும்.

ஆயுளை டிபிடபிள்யூ என்ற எண் சொல்லும். வாரண்டிக் காலத்தில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பது அதன் பொருள். 1 டிபி அளவில் சாம்சங் 990 ப்ரோவுக்கு 600, கியூஎல்சி வகையான க்ரூஷியல் பி3-க்கு 220. நாள்தோறும் 100 ஜிபி எழுதினாலும் முதலாவது 16 ஆண்டும் இரண்டாவது 6 ஆண்டும் தாங்கும் கணக்கு. விளையாட மட்டும் பயன்படுத்துபவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆட்டத்தைப் பதிவு செய்து வீடியோ தொகுப்பவர் டிஎல்சியைத்தான் எடுக்க வேண்டும்.

மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை. 2020-ல் டிஎல்சியோடு வந்து நல்ல பெயர் வாங்கிய க்ரூஷியல் பி2, 2021-ல் அதே பெயரில் கியூஎல்சியோடு வந்தது. புதிய பிரதிகள் மிக மெதுவாக எழுதுவதைச் சோதனையாளர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். எனவே இரண்டு ஆண்டு பழைய விமர்சனத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த க்ரூஷியல் என்ற பெயரே இப்போது கடைகளிலிருந்து விடைபெறுகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதைக் காரணம் காட்டி, மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அந்த நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதே நெருக்கடியில் ரேம், எஸ்எஸ்டி இரண்டின் விலையும் ஏறியது. போன ஆண்டு அண்ணன் சொன்ன விலையை வைத்துக்கொண்டு பட்ஜெட் போட்டால் இடிக்கும்.

விலை ஏறும் காலத்தில் ஏமாற்றும் பெருகும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு விவகாரம் வெடித்தது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் ஹார்டு டிஸ்குகள், ஓடிய நேரத்தின் பதிவு அழிக்கப்பட்டு, விற்பனையாளர்கள் வழியாகப் புதியவை என்று விற்கப்பட்டிருந்தன. ஆகவே எந்தக் கடையில் வாங்கினாலும் சரி, பெட்டியின் முத்திரையை நீங்களே உடையுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஓடிய மணி நேரத்தையும் இதுவரை எழுதப்பட்ட அளவையும் பாருங்கள். புதிய எஸ்எஸ்டியில் ஒரு சில மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அங்கேயே கேளுங்கள். ‘பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். நல்ல எஸ்எஸ்டிக்கு 5 ஆண்டும், பெரும்பாலான மானிட்டர்களுக்கு 3 ஆண்டும் வாரண்டி உண்டு. அதைக் கேட்டு வாங்க உங்கள் கையில் இருக்கப்போகும் ஒரே ஆதாரம் அந்த பில்தான்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் உட்காரும் எம்.2 எஸ்எஸ்டி அதன் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மதர்போர்டோடு வரும் உலோகத் தகட்டை மறக்காமல் பொருத்தச் சொல்லுங்கள். அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று நின்று பாருங்கள். மின்தடை அடிக்கடி வரும் பகுதி என்றால் யுபிஎஸ் வாங்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சேமித்த ஆட்டமும் விண்டோஸும் சேதமாகலாம். வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளில் அதற்கான பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது.

கணினி வீட்டுக்கு வந்த அன்றே, மாற்றித் தரும் அவகாசம் முடிவதற்குள், சிலவற்றைச் செய்து முடியுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் மதர்போர்டில் செருகிவிட்டு, ‘ஆட்டமே ஓடவில்லை’ என்று கடைக்குத் திரும்பப் போனவர்கள் உண்டு. முடிந்தவரை டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். பல மானிட்டர்கள் தம் முழு வேகத்தை அதன் வழியாகத்தான் தரும், எச்டிஎம்ஐ வழியாகக் குறைந்த ஹெர்ட்ஸ்தான். விண்டோஸ் புதிய மானிட்டரைப் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடவிடும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் நீங்கள்தான் 144 அல்லது 180-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, இந்த ஒரு சொடுக்கைச் செய்யாமல் மாதக்கணக்கில் 60-லேயே ஆடியவர்கள் பலர். மானிட்டரின் மெனுவில் அடாப்டிவ் சிங்க்கை இயக்குங்கள். கார்டின் மென்பொருளிலும் அதை இயக்க வேண்டும். திரை முழுதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக நிரப்பி, செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை புள்ளி செத்தால் மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை வாங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குவது உத்தமம்.

கடைசியாக, கடைக்காரரிடம் பேசும்போது தயக்கம் வேண்டாம். எஸ்எஸ்டியின் முழு மாடல் எண், மானிட்டரின் முழு மாடல் எண் இரண்டையும் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இந்த வழியில் நடந்தவர்கள் சார்பில்